உண்டியல் சில்லறை வங்கிக்குப் போகும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டு அமைப்புகளும் பள்ளிகளும் நூலகங்களும் உண்டியல் வைத்துச் சில்லறை திரட்டுகின்றன. திரண்டதை எண்ணி, மூட்டை கட்டி, வங்கியில் கொட்டினால் வேலை முடிந்தது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். வங்கி முகமதிப்பை மட்டும் தரும். செல்லாக்காசையும் அயல்நாட்டுக் காசையும் திருப்பித் தந்துவிடும். திரும்பி வந்தவை மூலையில் கிடந்து ஒருநாள் பழைய உலோகக்காரரிடம் எடைக்குப் போகின்றன. அதில் வெள்ளி இருந்தாலும் அதே கதிதான். அந்த மூட்டையை எப்படிச் சலிக்க வேண்டும் என்று நாணயம் சேகரிப்பவர்கள் பக்கத்திலிருந்து சில விவரங்களைச் சொல்லவே இந்தக் கடிதம்.

கல்லாவில் சுற்றும் சில்லறை வேறு, உண்டியல் சில்லறை வேறு. புழக்கத்திலுள்ள காசு நாள்தோறும் கைமாறுகிறது. அதில் நல்லது ஏதும் இருந்திருந்தால் யாராவது எப்போதோ பொறுக்கியிருப்பார்கள். உண்டியலுக்கு வருவதோ அலமாரியிலும் தையல் டப்பாவிலும் பல ஆண்டுகள் அசையாமல் கிடந்தது. பெரியவர் காலமானபின் டப்பாவோடு கொட்டியது, வெளிநாடு போய் வந்தவர் பையில் மிஞ்சியது, பள்ளிப் பருவத்தில் தொடங்கிப் பாதியில் விட்ட சேகரிப்பு எல்லாம் அதில் கலந்திருக்கும். காசு எண்ணும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதன் ஒதுக்குத் தட்டைக் குப்பையாகக் கருத வேண்டாம். இயந்திரம் விட்டத்தோடு உலோகத்தின் மின்காந்தத் தன்மையையும் பார்த்துத்தான் காசை ஏற்கிறது. செப்பு-நிக்கல் கலவையைவிட வெள்ளி பல மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும் என்பதால், அதே அளவுள்ள வெள்ளிக் காசை அது ‘தெரியாத பொருள்’ என்று துப்பிவிடும். தேடலை அந்தத் தட்டிலிருந்தே தொடங்கலாம்.

ஆனால் உண்டியலைத் திறக்கும் முன்னரே ஒரு விதியை எழுதி ஒட்டிவிட வேண்டும்: சலிக்கிறவர் வாங்கக் கூடாது. முகமதிப்புக்குச் சமமான காசைப் போட்டுவிட்டு நல்ல நாணயத்தை எடுத்துக்கொள்வதைத் தவறாகவே பலர் நினைப்பதில்லை. கணக்கு சரியாகத்தான் இருக்கும். நன்கொடை மட்டும் குறைந்திருக்கும். இருவர் சேர்ந்து திறப்பது, உண்டியலின் எண்ணையும் தேதியையும் போட்டு மொத்த முகமதிப்பை முதலில் பதிவது, இருவரும் கையெழுத்திடுவது, தனியே எடுக்கும் ஒவ்வொரு காசையும் தலை, பூ இரண்டு பக்கமும் படமெடுத்து எண்ணிட்ட உறையில் போடுவது என்று வைத்துக்கொண்டால் சலிப்பவரின் பெயருக்கும் பாதுகாப்பு.

கருவிகள் அதிகம் வேண்டியதில்லை. 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, அதைச் சரிபார்க்கும் படிக்கல், விட்டம் அளக்கும் காலிப்பர், கட்டைவிரல் நகமளவு நியோடிமியம் காந்தம், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சாய்வாக ஒளி விழும்படி வைத்த ஒரு விளக்கு. தராசை மின்விசிறிக்கு அடியில் வைத்தால் கடைசி இலக்கம் நிலைகொள்ளாது. லென்ஸ் 10 மடங்குக்கு மேல் போவதில் லாபமில்லை. 40 மடங்கில் பார்த்தால் உலகத்திலுள்ள எல்லாக் காசும் அச்சுப் பிழையுள்ள காசாகவே தெரியும். மேசையில் கம்பளித் துணி விரித்துக்கொண்டால் கீழே தவறும் காசின் விளிம்பு அடிபடாது. உண்டியலுக்குள் குண்டூசி, பிளேடு, உடைந்த கண்ணாடி எதுவும் இருக்கலாம். வெறும் கையை விட்டுத் துழாவ வேண்டாம். முதலில் தட்டில் கொட்டி, நைட்ரைல் கையுறையோடு ஊசி, பொத்தான், பதக்க வில்லை, டோக்கன் முதலியவற்றைப் பொறுக்கி அகற்ற வேண்டும். டோக்கனையும் வில்லையையும் எறிந்துவிடக் கூடாது. அவற்றையும் சேகரிப்பவர்கள் உண்டு.

பிறகு வரிசைதான் முக்கியம். நாடும் மதிப்பும் பார்த்துப் பிரித்து, காந்தம் காட்டி, விளிம்பு பார்த்து, ஆண்டு பார்த்து, சந்தேகப்பட்டதை மட்டும் நிறுத்து, மிஞ்சியதை லென்ஸில் பார்ப்பது என்று போனால் ஒவ்வொரு படியிலும் குவியல் சுருங்கிக்கொண்டே வரும். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் காசிலேயே லென்ஸைப் பிடித்து உட்கார்ந்தால் பாதி மூட்டையைத் தாண்டுவதற்குள் கண் சோர்ந்துவிடும். அதன்பின் எதுவும் கண்ணில் படாது.

காந்தம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வெள்ளி, செப்பு, வெண்கலம், செப்பு-நிக்கல் எதுவும் ஒட்டாது. இரும்பும் எஃகும் ஒட்டும். தூய நிக்கலும் ஒட்டும். பிரிட்டனின் 1 பென்னியும் 2 பென்ஸும் 1992-ல் வெண்கலத்திலிருந்து செப்பு முலாம் பூசிய எஃகுக்கு மாறின. நிறம் ஒன்றே, காந்தம் நொடியில் பிரித்துவிடும். கனடாவின் 10, 25 சென்ட் காசுகள் 1966 வரை 80 சதவீத வெள்ளி. 1967-லும் 1968-லும் கலவை ஒன்றாக இல்லை. 1967-ல் 80 சதவீதமும் 50 சதவீதமும் வந்தன. 1968-ல் 50 சதவீத வெள்ளியும் தூய நிக்கலும் வந்தன. 1968 என்று போட்ட காசு காந்தத்தில் ஒட்டினால் நிக்கல், ஒட்டாவிட்டால் வெள்ளி. இந்திய ரூபாயிலும் இதே வேலை நடக்கும்: 1940-களின் முற்பாதி ரூபாய் பாதி வெள்ளி, 1947 ரூபாய் நிக்கல். இரண்டிலும் ஆறாம் ஜார்ஜ் தலைதான். தேய்ந்த காசில் ஆண்டைப் படிக்க முடியாவிட்டாலும் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஒட்டவில்லை என்பதாலேயே ஒரு காசு வெள்ளி ஆகிவிடாது. செப்பு-நிக்கலும் ஒட்டாதே.

அடுத்தது விளிம்பு. ஒரே மதிப்புள்ள காசுகளை இருபது இருபதாக அடுக்கி, விளக்கை ஒட்டிப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். 1965 முதல் வந்த அமெரிக்க டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்) காசுகளில் நடுவில் செப்பு, இருபுறமும் செப்பு-நிக்கல். விளிம்பில் செந்நிறக் கோடு ஓடும். 1964 வரை வந்தவை 90 சதவீத வெள்ளி. விளிம்பு முழுக்க வெண்மை. செங்கோடு போட்ட அடுக்கில் வெள்ளை விளிம்பு தனித்துத் தெரியும். அரை டாலரில் மட்டும் ஒரு சிக்கல்: 1965 முதல் 1970 வரை போட்டவை 40 சதவீத வெள்ளி, விளிம்பு மங்கலாக, லேசாகச் செம்பு தட்டியதுபோல் இருக்கும். அங்கே கண்ணை நம்பாமல் ஆண்டைப் பார்க்க வேண்டும். அமெரிக்க 5 சென்ட்டிலும் விளிம்பு உதவாது. போர்க்கால 5 சென்ட்டில் 35 சதவீத வெள்ளி உண்டு. பூப் பக்கத்துக் கட்டடத்தின் குவிமாடத்துக்கு மேல் பெரிய எழுத்தில் நாணயச்சாலைக் குறி இருந்தால் அதுதான். 1942-ன் பிற்பகுதி முதல் 1945 வரை இந்தக் குறி இருக்கும். 1942-லேயே இந்தக் குறியில்லாத பழைய கலவைக் காசும் உண்டு என்பதால் ஆண்டை மட்டும் பார்த்து எடுத்தால் தவறும்.

வடிவம் மாறாமல் உலோகம் மட்டும் மாறிய காசுகள்தான் அதிகம் கைநழுவிப் போகின்றன. சுவிட்சர்லாந்தின் அரை, 1, 2 பிராங்க் காசுகளுக்கு நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை. 1967 வரை 83.5 சதவீத வெள்ளி; 1968 முதல் செப்பு-நிக்கல்; சித்திரம் அதேதான். வெள்ளி 1 பிராங்க் 5 கிராம், மற்றது 4.4 கிராம். பிரிட்டனின் பழைய ‘வெள்ளி’க் காசுகள் 1919 வரை 92.5 சதவீதம், 1920 முதல் 1946 வரை 50 சதவீதம், 1947 முதல் வெள்ளியே இல்லை. ஆஸ்திரேலியாவில் 1945 வரை 92.5, 1946 முதல் 1964 வரை 50; அதோடு 1966-ல் ஒரே ஆண்டு வந்த வட்ட வடிவ 50 சென்ட் 80 சதவீத வெள்ளி. அதற்குப் பின் வந்த 50 சென்ட் பன்னிரண்டு பக்கமுள்ளது என்பதால் வட்டமானதைக் கண்டவுடன் எடுத்துவிடலாம். ஜெர்மனியின் 5 மார்க் 1974 வரை 62.5 சதவீத வெள்ளி. இத்தனையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவுதான்.

எடை போடும்போது இரண்டு தவறுகள் நடக்கின்றன. மொத்தமாக நிறுத்துப் பார்த்து வெள்ளியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பது ஒன்று. நாற்பது செப்பு-நிக்கல் குவார்ட்டர்கள் 226.8 கிராம், அதில் ஒன்று வெள்ளியாக இருந்தால் கூடுவது 0.58 கிராம்தான். தேய்மானமும் அச்சடிக்கும்போது அனுமதிக்கப்படும் ஏற்ற இறக்கமும் சேர்ந்தால் இதைவிட அதிகம் வரும். தனித்தனியாக நிறுத்தால் 6.25, 5.67 என்று வித்தியாசம் தெளிவாகத் தெரியும். மற்றொன்று, தேய்ந்த காசு எடை குறைவாக இருப்பதைப் பார்த்துப் போலி என்று தள்ளிவிடுவது. நீண்டகாலம் புழங்கிய வெள்ளி நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு இழந்திருப்பது இயல்பு. எடை கூடினால்தான் சந்தேகப்பட வேண்டும். தேய்மானம் காசின் எடையைக் கூட்டாது.

உறுதிப்படுத்த அடர்த்திச் சோதனை இருக்கிறது. காசுக்கு எந்தச் சேதமும் இல்லை. முதலில் காசைக் காற்றில் நிறுக்க வேண்டும். பிறகு சிறு குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துச் சுழியமாக்கி, மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். தராசு காட்டுவது காசு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. 90 சதவீத வெள்ளிக்கு 10.3 சுமாரும் செப்பு-நிக்கலுக்கு 8.9 சுமாரும் வரும். வெள்ளிக் குவார்ட்டர் என்றால் தண்ணீரில் 0.60 அல்லது 0.61 காட்டும். தவறுவது எங்கே என்றால், காசில் ஒட்டும் காற்றுக் குமிழ். அது இடப்பெயர்ச்சியைக் கூட்டி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும், நல்ல வெள்ளியும் போலியாகிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, காசை மெல்ல ஆட்டி இறக்கினால் குமிழ் நிற்காது. 10 சென்ட் போன்ற சிறு காசுக்கு 0.01 தராசின் பிழையே பெரிதாகிவிடும் என்பதால் அதற்கு இந்தச் சோதனை அவ்வளவு நம்பகமில்லை. தரையில் போட்டு ஓசை கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஓசை ஒன்றையும் நிரூபிக்காது, விளிம்பு நசுங்குவதுதான் மிச்சம்.

உலோகம் முடிந்தால் மிஞ்சுவது அருமையான பதிப்புகளும் அச்சுப் பிழைகளும். இங்கேதான் வதந்தி அதிகம். பிரிட்டனின் 2 பென்ஸில் ‘நியூ பென்ஸ்’ என்றிருப்பது அரிது என்று பலர் எடுத்து வைக்கிறார்கள். 1971 முதல் 1981 வரை எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கும். 1983 என்ற ஆண்டோடு அந்தச் சொல் இருந்தால் மட்டுமே பிழை. 2002-ம் ஆண்டு கிரேக்க 2 யூரோவில் நட்சத்திரத்துக்குள் இருக்கும் ‘எஸ்’ எழுத்து பின்லாந்தில் அடித்ததைக் குறிக்கும் குறி, தாராளமாகக் கிடைப்பது. 1985-ம் ஆண்டு இந்திய ஒரு ரூபாயில் உள்ள ‘எச்’ குறியும் அப்படியே. இந்திய நாணயச்சாலைகளில் மும்பைக்கு வைரம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை. இவை எங்கே அடித்தது என்பதைத்தான் சொல்லும், மதிப்பைச் சொல்லாது. வைஷ்ணவி தேவி படம் போட்ட 5, 10 ரூபாய்க் காசுகளுக்கு லட்சக்கணக்கில் தருவதாக வரும் விளம்பரங்களும் இந்த ரகம். பழைய காசு, நோட்டு வாங்குவதாகச் சொல்லித் தன் பெயரில் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. உண்மையில் தேட வேண்டியவை வேறு: 2008-ல் பழைய தலைப் பக்கமும் புதிய பூப் பக்கமும் சேர்ந்து ஆண்டே இல்லாமல் போன பிரிட்டனின் 20 பென்ஸ், 2,10,000 மட்டுமே அடித்த 2009-ம் ஆண்டு லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்து 50 பென்ஸ், மொனாக்கோ, வத்திக்கான், சான் மரீனோ யூரோக்கள். 2 யூரோ என்று நினைத்து எடுத்தது பல சமயம் தாய்லாந்தின் 10 பாட்டாக இருக்கும். அளவும் எடையும் ஏறக்குறைய ஒன்று, இரண்டிலும் இரட்டை உலோகம். எழுத்தைப் படிக்காமல் நிறத்தைப் பார்த்துப் பிரித்தால் இது நடக்கும்.

பிழைக்காசுகளில் உண்மையையும் சேதத்தையும் பிரிக்கச் சில அடையாளங்கள் உண்டு. ஓரம் பிறை போல வெட்டுப்பட்ட காசில், வெட்டுக்கு நேர் எதிர்ப்புறத்தில் விளிம்பு மேடு மங்கலாக இருந்தால் பெரும்பாலும் நாணயச்சாலையிலேயே நேர்ந்தது. எதிர்ப்புறம் கூர்மையாக இருந்தால் யாரோ கத்தரித்தது. எழுத்து இரட்டித்துத் தெரிவது எல்லாம் அச்சு இரட்டிப்பு (காசை அடிக்கும் அச்சிலேயே உருவம் இருமுறை பதிந்தது) அல்ல. உண்மையான அச்சு இரட்டிப்பில் இரண்டு எழுத்தும் திரண்டு, முனையில் பிளவு தெரியும். அடிக்கும்போது அச்சு தளர்ந்து ஆடியதால் வருவது தட்டையான படிக்கட்டு போல, எழுத்தைச் சிறுத்துக் காட்டும், அதற்கு மதிப்பில்லை. துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உருண்ட காசு விளிம்பு தடித்து, விட்டம் சுருங்கி விசித்திரமாக இருக்கும். அதைப் பிழைக்காசு என்று நம்பி ஏமாறுபவர்கள் ஏராளம். இடவலம் மாறிப் பதிந்த எழுத்து இருந்தால் இரண்டு காசைச் சேர்த்து இடுக்கியில் நசுக்கியிருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டு பக்கமும் தலை உள்ள காசு ஏறத்தாழ எப்போதும் வித்தைக்காரர் காசு. விளிம்பின் உட்புறத்தில் பொருத்திய கோடு லென்ஸில் தெரியும். அமெரிக்கக் காசை மேலிருந்து கீழாகத் திருப்பினால்தான் மறுபக்கம் நேராக இருக்கும், பிரிட்டன் காசைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். இது தெரியாமல் அமெரிக்கக் காசெல்லாம் அச்சுத் திரும்பியது என்று ஒதுக்குவதும் நடக்கிறது.

இவ்வளவு பார்த்து எடுத்ததைக் கெடுப்பது பெரும்பாலும் நல்லெண்ணம்தான். புளி, எலுமிச்சை, பற்பசை, சாம்பல், பாலீஷ் எதுவும் காசின் பக்கம் வரக் கூடாது. அமிலம் மேற்பரப்பை அரிக்கிறது, பற்பசையும் சாம்பலும் மயிரிழைக் கீறல் போடுகின்றன. தேர்ந்த கண் அதை உடனே பிடித்துவிடும், மதிப்பு சரிந்துவிடும். கறுத்த வெள்ளியைக் கறுப்பாகவே விட வேண்டும். ஒட்டுப் பசையோ பிசுக்கோ இருந்தால் தூய அசிட்டோனில் ஊறவைத்து எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, தேய்க்காமல் துணியில் ஒற்றிக் காயவிடலாம். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும்; சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு, விளக்குச் சுடர் பக்கம் போகாமல் செய்ய வேண்டும். நகச்சாய நீக்கியில் வேறு சேர்மானங்கள் இருப்பதால் அது உதவாது. எடுத்து வைக்கும் உறை பிவிசி இல்லாததாக இருக்க வேண்டும். மெத்தென்று வளையும் மலிவு பிளாஸ்டிக் உறையிலிருந்து கசியும் பொருள் சில ஆண்டுகளில் காசில் பச்சைப் பிசினாகப் படியும். ரப்பர் பேண்டும் கூடாது; அதிலுள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு போடும்.

விற்பனைக்கு முன் வெள்ளியின் அடிமதிப்பைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: எடையைத் தூய்மையால் பெருக்கினால் போதும். வெள்ளிக் குவார்ட்டரில் 5.625 கிராம், சுவிஸ் 1 பிராங்கில் 4.175 கிராம் வெள்ளி. அன்றைய வெள்ளி விலையோடு பெருக்கி வரும் தொகைக்கு வெகுவாகக் கீழே கேட்பவரிடம் பேச்சு வேண்டாம். தேய்ந்த பொதுவான ஆண்டுக் காசு அந்த அடிமதிப்பை ஒட்டியே போகும். அருமையான ஆண்டோ நல்ல நிலையோ உள்ளதைத் தனியாகப் பிரித்து, குறைந்தது மூன்று பேரிடம் எழுத்தில் விலை கேட்க வேண்டும். மொத்தப் பையைக் காட்டி ‘எல்லாவற்றுக்கும் என்ன தருவீர்கள்’ என்று கேட்டால், சாதாரணக் காசின் விலையில் நல்லதும் சேர்ந்து போய்விடும். இந்தியாவில் இருப்பவர்கள் இரண்டு சட்டங்களை மறக்கக் கூடாது. 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி காசை உருக்குவதும் அழிப்பதும் குற்றம். நூறாண்டு கடந்த நாணயம் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால், வெளிநாட்டு ஏலத்துக்கு அஞ்சலில் அனுப்பிவிட முடியாது.

எதுவும் தேறாத அயல்நாட்டுக் காசையும் நாடுவாரியாகப் பிரித்து வைத்தால் அதற்கும் வழியுண்டு. ஜெர்மனியின் மார்க், ஆஸ்திரியாவின் ஷில்லிங், அயர்லாந்தின் பவுண்டு ஆகியவற்றை அந்தந்த நாட்டு மத்திய வங்கி காலவரம்பின்றி யூரோவாக மாற்றித் தருகிறது. ஸ்பெயினின் பெசெட்டாவுக்கு 2021 ஜூன் 30-டன் கதவு மூடிவிட்டது. பிரிட்டனின் வட்டப் பவுண்டு 2017 அக்டோபர் 15 முதல் கடையில் செல்லாது. மலேசியாவின் 1 ரிங்கிட் காசு 2005-லேயே செல்லாததாகிவிட்டது. பெசெட்டாவும் ரிங்கிட் காசும் சேகரிப்பாளர்களுக்கு மட்டுமே உதவும். புழக்கத்திலுள்ள வெளிநாட்டுச் சில்லறையை விமானங்களில் யுனிசெப் அமைப்புக்காகத் திரட்டும் திட்டம் 1987 முதல் நடக்கிறது. பயணம் போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். மாற்றவும் முடியாத, விற்கவும் முடியாதவற்றை நாணய வியாபாரிகள் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். எடை போடுவதற்கு முன் அந்தப் பையில் இன்னொரு முறை, வேறொருவர் கையால், காந்தமும் விளிம்புச் சோதனையும் நடந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர்கள் சிலர்